முதல் துளைக்குப் பிறகு: மருந்தில் கிருமி புகாமல் காக்க, வார்டுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனை வார்டில் முதன்முறையாக மருந்தைக் கையாளப்போகும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவு, செலுத்தும் வழி, பக்க விளைவு, ஒவ்வாமை ஆகியவற்றைப் படிப்பின்போது விரிவாகவே கற்றிருப்பீர்கள். சரியான மருந்தைச் சரியான நோயாளிக்குச் சரியான அளவில் கொடுத்த பிறகும், அந்த மருந்துக்குள் ஏற்கெனவே வளர்ந்திருந்த கிருமியால் அவர் உயிரிழக்க நேரலாம் என்பதைப் பாடப்புத்தகம் ஓரிரு பத்திகளில் முடித்துவிடுகிறது. வார்டிலோ அந்த ஓரிரு பத்திகள் ஒவ்வொரு மணி நேரமும் தேவைப்படுகின்றன.

கிருமி மருந்துக்குள் புக இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஆலையில் தயாராகும்போதே புகலாம். மூடி திறந்த பிறகு நம் கையிலும் புகலாம். ஆலையில் நேரும் தவறு அரிது, ஆனால் அந்தத் தொகுப்பின், அதாவது ஒரே தடவையில் சேர்ந்து தயாரானவற்றின், புட்டிகள் போய்ச் சேரும் ஊர்களெல்லாம் பாதிக்கப்படும். வார்டில் நேரும் தவறு ஒருவரையோ சிலரையோ பாதிப்பதால் வெளியே தெரிவதில்லை. நோயாளிக்கு முன்பே இருந்த நோயின் கணக்கில் அந்தக் காய்ச்சலும் சேர்ந்துவிடுகிறது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இரண்டாவதைப் பற்றியது, ஏனென்றால் அதைத் தடுக்கும் வாய்ப்பு நம் கையிலேயே இருக்கிறது.

முதல் படி: மருந்து உடலுக்குள் போகும் வழியைப் பாருங்கள்

ஒரு மருந்தைக் கையில் எடுத்ததும், அது உடலின் எந்தக் காவலைத் தாண்டி உள்ளே போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாய்வழி விழுங்கும் மாத்திரையை இரைப்பையின் அமிலம் எதிர்கொள்கிறது. ஆகவே அதில் குறிப்பிட்ட அளவுக்குள் சில நுண்ணுயிர்கள் இருப்பதை மருந்துத் தர நூல்கள் அனுமதிக்கின்றன. நீர் கலந்த வாய்வழி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 பாக்டீரியாக் கூட்டங்கள், 10 பூஞ்சைக் கூட்டங்கள் என்பது பொதுவான வரம்பு, ஈ.கோலை அறவே இருக்கக் கூடாது. ஊசி மருந்து, டிரிப், கண் சொட்டு, சிறுநீர்ப்பையைக் கழுவும் திரவம், பெரிட்டோனியல் டயாலிசிஸ் திரவம் ஆகியவற்றுக்கு அப்படிப்பட்ட சலுகை எதுவும் இல்லை. அவை முற்றிலும் கிருமியற்றவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவை தோலையும் அமிலத்தையும் கடந்து நேரே இரத்தத்துக்கோ திசுவுக்கோ போய்விடுகின்றன. நெபுலைசரில் ஊற்றும் மருந்தையும் இந்த வரிசையிலேயே வையுங்கள். அது நுண்ணிய துளிகளாகி நுரையீரலின் அடிவரை செல்கிறது.

வாய்வழி மருந்தென்றால் கவலையே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். 1960களில் சுவீடனில் சால்மோனெல்லா கலந்த தைராய்டு மாத்திரைகளை உட்கொண்ட 200க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. ஊசியல்லாத மருந்துகளுக்கும் நுண்ணுயிர் வரம்பு தேவை என்ற எண்ணம் உலகெங்கும் வலுப்பட அது ஒரு காரணமாயிற்று. பச்சிளங்குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியாக உணவு பெறுபவர் ஆகியோருக்கு, நலமாயிருப்பவர் உணராமலே கடந்துபோகும் கிருமியும் ஆபத்தானது.

இரண்டாம் படி: புட்டியை வாங்கும்போதே சோதியுங்கள்

பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு புட்டியையும் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு முறை வெள்ளைப் பின்னணியிலும் ஒரு முறை கறுப்புப் பின்னணியிலும் பிடித்துப் பாருங்கள். கலங்கல், மிதக்கும் நூல் போன்ற இழை, அடியில் படிவு, நிறமாற்றம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதை ஒதுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் புட்டியாயின் அழுத்திப் பார்த்து எங்காவது கசிகிறதா என்று கவனியுங்கள். கண்ணாடிப் புட்டியின் கழுத்தில் முடியளவு விரிசல் இருந்தாலும் அது கிருமி நுழையும் வாசல்தான். அலுமினிய மூடி தளர்ந்திருந்தாலோ, அட்டைப்பெட்டி நனைந்து உலர்ந்ததற்கான கறை இருந்தாலோ வாங்காதீர்கள். தொகுப்பு எண்ணையும் காலாவதித் தேதியையும் படிக்கும் பழக்கம் இந்த இடத்திலேயே தொடங்கட்டும். அந்த எண் எதற்கு உதவும் என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

இதையெல்லாம் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெளிவாகத் தோன்றும் திரவம் கிருமியற்றது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருந்தாலும் கண்ணுக்குக் கலங்கல் தெரியாமல் போகலாம். ஆகவே கண்ணால் பார்ப்பது கெட்டதை ஒதுக்க மட்டுமே உதவும். நல்லது என்று சான்று தர உதவாது.

ஆலையின் சோதனையும் அவ்வாறே. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் டெவன்போர்ட் மருத்துவமனையில் 1972 மார்ச்சில் நடந்ததை மருந்தாளுநர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அங்கே 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஏற்றப்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்துக் கவலைக்கிடமானார்கள். ஐந்து மரணங்களுடன் அந்தத் திரவம் தொடர்புபடுத்தப்பட்டது. சுமார் ஓராண்டுக்கு முன்பு அந்தப் புட்டிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தபோது, உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறாமல் கீழ்ப்பகுதியில் தங்கிவிட்டது. காற்று தங்கிய இடத்தில் நீராவி சேரவில்லை, ஆகவே கீழ்த்தட்டுப் புட்டிகள் தேவையான வெப்பத்தை எட்டவே இல்லை. அப்படியிருந்தும் அந்தத் தொகுப்பு சோதனையில் தேறி விற்பனைக்கு வந்தது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். நூற்றுக்கு ஒரு புட்டி கெட்டிருக்கும் ஒரு பெரிய தொகுப்பிலிருந்து 20 புட்டிகளை எடுத்துச் சோதித்தால், அவற்றில் கெட்டது ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 82 விழுக்காடு. கிருமியின்மையைக் கடைசியில் செய்யும் சோதனையால் உறுதிப்படுத்த முடியாது, தயாரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் காக்க வேண்டும் என்று மருந்து ஆலைகளில் வலியுறுத்துவது இதனால்தான். நம் வார்டுக்கும் அதுவே பொருந்தும்.

மூன்றாம் படி: இடத்தையும் கையையும் ஆயத்தப்படுத்துங்கள்

மருந்து தயாரிக்க ஒரு தனி மேசை வேண்டும். கைகழுவும் தொட்டிக்கு அருகில் அது இருக்கக் கூடாது. தொட்டியிலிருந்து தெறிக்கும் நீரில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் இருக்கும். மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கக் கூடாது. இரத்த மாதிரிக் குழாய்களும் பயன்படுத்திய கிட்னி டிரேக்களும் அந்த மேசைக்கு வரவே கூடாது. இடநெருக்கடி மிகுந்த வார்டுகளில் இது கடினம் என்பதை அறிவேன். ஒரு டிராலியின் மேல்தட்டையாவது இதற்கென்று ஒதுக்கி, ஒவ்வொரு வேளையும் தொடங்கும் முன் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பு நீரில் 40 முதல் 60 நொடிகள் கழுவ வேண்டும். அழுக்கு தெரியாவிட்டால் ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தை 20 முதல் 30 நொடிகள் தேய்த்து உலரவிட்டால் போதும். கையுறை அணிந்தவுடன் கை சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது பலருக்கும் உள்ள பழக்கம். நோயாளியின் கட்டிலையும் கேஸ் ஷீட்டையும் கைபேசியையும் தொட்ட கையுறை, கழுவாத கைக்குச் சமமானதே.

குப்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் தெரியும் ரப்பர் பரப்பு கிருமியற்றது என்று நம்பிவிடாதீர்கள். அந்த மூடி தூசு படியாமல் மட்டுமே காக்கிறது. 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ரப்பரை அழுத்தித் தேய்த்து, அது தானாக உலரும்வரை பொறுங்கள். ஈரம் உலர்வதற்குள் ஊசியைக் குத்தினால் தேய்த்ததன் பயன் பெரும்பகுதி போய்விடும். காலையில் டப்பாவில் ஊறப்போட்ட பஞ்சு மாலைக்குள் ஆல்கஹாலை இழந்து வெறும் ஈரப் பஞ்சாகிவிடும். சிறு சிறு அளவாக நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது தனித்தனி உறையில் வரும் பஞ்சைப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: பலவேளைக் குப்பியை எப்படி நடத்துவது

பலவேளைக் குப்பி என்பது பலமுறை ஊசி குத்தி மருந்து எடுக்கும் குப்பி. இந்தப் படியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் வார்டில் நேரும் தீங்குகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

1928 ஜனவரி 27 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபெர்க் என்ற ஊரில் 21 குழந்தைகளுக்கு டிப்தீரியாத் தடுப்பு மருந்து போடப்பட்டது. ஓரிரு நாட்களுக்குள் அவர்களில் 12 பேர் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய பத்து நாட்களில் அதே புட்டியிலிருந்து மருந்து பெற்ற குழந்தைகளுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. சார்லஸ் கெல்லவே தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், புட்டிக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெருகியிருந்ததைக் கண்டறிந்தது. ரப்பர் மூடியிட்ட, பலமுறை ஊசி குத்தப்பட்ட புட்டி. அதில் கிருமித்தடுப்புப் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. கோடைக்கால வெப்பத்தில் அது குளிரூட்டப்படாமல் வைக்கப்பட்டிருந்தது. கிருமி வளரக்கூடிய உயிரியல் மருந்தைக் கிருமித்தடுப்புப் பொருள் சேர்க்காமல் பலவேளைப் புட்டியில் தரக் கூடாது என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. இன்று நாம் கையில் எடுக்கும் பலவேளைக் குப்பியின் லேபிளில் பென்சைல் ஆல்கஹால், பினால், மெட்டாக்ரெசால் என்று ஏதேனும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் இருக்கின்றன.

ஆகவே குப்பியைத் திறக்கும் முன் லேபிளில் கிருமித்தடுப்புப் பொருள் இருக்கிறதா என்று படியுங்கள். இல்லையென்றால் அது ஒருவேளைக் குப்பி. எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், ஒரு நோயாளிக்கு ஒரு முறை எடுத்ததும் மீதியைக் கொட்டிவிட வேண்டும். மருந்து வீணாகிறதே என்ற தவிப்பு எனக்கும் உண்டு. வறுமையில் வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனாலும் எஞ்சிய மருந்தை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கிருமித்தடுப்புப் பொருள் உள்ள குப்பியாயின், திறந்த தேதியையும் நேரத்தையும் உங்கள் கையொப்பத்தையும் அதன்மேல் எழுதுங்கள். தயாரிப்பாளர் வேறு வரம்பு சொல்லாதவரை, திறந்த 28 நாட்களில் அதை அகற்றிவிட வேண்டும் என்பதே பரவலாகப் பின்பற்றப்படும் விதி. தேதி எழுதப்படாத திறந்த குப்பி அலமாரியில் இருந்தால், அது எப்போது திறக்கப்பட்டது என்று ஆராயாமல் அகற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை மருந்தை எடுக்கும்போதும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு இரண்டும் வேண்டும். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை மீண்டும் குப்பிக்குள் கொண்டுபோவது மிகப்பெரிய தவறு. இரத்தக்குழாய்க்குள் செலுத்தி வெளியே எடுக்கும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் சிரிஞ்சுக்குள் பின்னேறியிருக்கும். அது குப்பிக்குள் போனால் அந்தக் குப்பியிலிருந்து மருந்து பெறும் எல்லோருக்கும் போகும். கிருமித்தடுப்புப் பொருளை வைரஸ்களுக்கு எதிராக நம்பவே முடியாது. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் எண்டோஸ்கோப்பி செய்யும் ஓரிடத்தில் இவ்வாறே மயக்கமருந்துக் குப்பிகள் வழியாக ஹெப்படைட்டிஸ் சி பரவியது 2008இல் வெளிப்பட்டபோது, பல பத்தாயிரம் பேரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த மயக்கமருந்தின் பெயர் புரொபொஃபால். பால் போல வெண்மையான இந்த மருந்து சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்புப் பொருளும் கலந்த குழம்பாக இருப்பதால், பாக்டீரியாக்கள் அதில் விரைந்து பெருகும். அமெரிக்காவில் 1990க்கும் 1993க்கும் இடையில் 7 மருத்துவமனைகளில் 62 பேருக்கு அறுவைக்குப் பின் தொற்றுகள் ஏற்பட்டதை ஆராய்ந்தவர்கள், மருந்து ஆலையில் கெடவில்லை என்றும், சிரிஞ்சில் முன்கூட்டியே நிரப்பி வைத்ததும் ஒரே சிரிஞ்சைப் பலருக்குப் பயன்படுத்தியதும் போன்ற கையாளும் முறைகளே காரணம் என்றும் கண்டார்கள். சிரிஞ்சில் எடுத்த புரொபொஃபாலை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும். குப்பியிலிருந்து நேரே டிரிப்பாக ஏற்றினால் 12 மணி நேரம். காலையில் அறுவை அரங்கைத் தயார் செய்யும்போது நாள் முழுவதற்கும் சிரிஞ்சுகளை நிரப்பி வைக்கச் சொன்னால், மூத்தவரிடம் பணிவோடு, ஆனால் தெளிவாக மறுத்துச் சொல்லுங்கள்.

தடுப்பூசிகளில் இன்னொரு கண்டிப்பு உண்டு. தூளாக வந்து கரைக்கப்படும் பி.சி.ஜி., தட்டம்மை-ருபெல்லா போன்றவற்றில் கிருமித்தடுப்புப் பொருள் இருக்காது. அது இருந்தால் தடுப்பூசியில் உள்ள உயிர்க்கிருமியே செத்துவிடும். கரைத்த பிறகு 6 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உச்ச வரம்பு. இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் 4 மணி நேரம். 2017 மே மாதம் தெற்கு சூடானில் ஒரு தட்டம்மை முகாமில் குளிர்பதனம் இல்லாமல், ஒரே சிரிஞ்சைக் கரைப்பதற்கு நான்கு நாட்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் 15 குழந்தைகள் இறந்தன. நோயைத் தடுக்க வந்த ஊசி அந்தத் தாய்மார்களுக்கு என்னவாக ஆயிற்று என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இன்சுலின் பேனாவையும் இந்தப் படியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசியை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை மற்றொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. காரணம் சிரிஞ்சுக்குச் சொன்னதேதான்.

ஐந்தாம் படி: டிரிப் ஏற்றும்போது

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு வார்டில் 500 மில்லி சலைன் புட்டி ஒன்றின் ரப்பரில் ஊசியைக் குத்தியபடியே தொங்கவிட்டு, அதிலிருந்து நாள் முழுவதும் எல்லா நோயாளிகளுக்கும் ஆன்டிபயாட்டிக் தூளைக் கரைப்பதற்கும் கேனுலாவைக் கழுவுவதற்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆம்பூல் தட்டுப்பாடு, நேரமின்மை, முன்பிருந்தவர்கள் காட்டிக்கொடுத்த வழி, அவ்வளவுதான். குத்தி வைத்த அந்த ஊசி, வார்டின் காற்றுக்கும் புட்டிக்கும் இடையே நாள் முழுவதும் திறந்திருந்த பாதை என்பதை அப்போது எனக்கும் யாரும் சொல்லவில்லை. இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன்: பொதுப்புட்டி வேண்டவே வேண்டாம். 10 மில்லி ஆம்பூலை ஒருவருக்கு ஒரு முறை பயன்படுத்துங்கள். காற்றுப் போக வேண்டும் என்று புட்டியின் அடியில் தனியாக ஊசி குத்தாதீர்கள். காற்றுவழி தேவைப்படும் கண்ணாடிப் புட்டிக்கு வடிகட்டியுள்ள ஐ.வி. செட் இருக்கிறது, சுருங்கும் பைக்கு அதுவும் தேவையில்லை.

எந்தத் திரவத்தில் எந்தக் கிருமி வளரும் என்று தெரிந்திருப்பது ஆபத்தை எடைபோட உதவும். சாதாரண சலைனில் பல கிருமிகள் பெருகத் திணறும். டெக்ஸ்ட்ரோஸில் கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், செர்ரேஷியா ஆகியவை அறை வெப்பத்திலேயே பெருகும். இரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஊட்டச்சத்துத் திரவத்தில் கேண்டிடா பூஞ்சை வளரும். கொழுப்புக் குழம்பில் ஏறத்தாழ எல்லாமே வளரும். ஆகவேதான் அதைத் தனியாக ஏற்றும்போது 12 மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். பிற திரவங்களுக்கு உங்கள் மருத்துவமனையின் விதி 24 மணி நேரம் என்று இருக்கலாம். தொங்கவிட்ட நேரத்தைப் புட்டியின் மேல் எழுதாவிட்டால் அந்த விதியைக் கடைப்பிடிக்கவே முடியாது. பொட்டாசியம், விட்டமின் என்று புட்டிக்குள் கூடுதலாக எதைச் சேர்த்தாலும் அது ஒரு புதிய துளை. முடிந்தவரை வார்டில் சேர்க்காமல் மருந்தகத்தின் காற்று வடிகட்டப்பட்ட கூண்டில் சேர்த்து வாங்குங்கள்.

நல்ல ஊட்டமுள்ள திரவத்தில், ஏற்ற வெப்பத்தில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அப்படியே தடையின்றிப் போனால் 8 மணி நேரத்தில் அது ஒரு கோடியே அறுபது லட்சத்தைத் தாண்டும். காலைப் பணியில் நேர்ந்த சிறு கவனக்குறைவு இரவுப் பணியில் இருப்பவரின் நோயாளிக்கு நடுக்கமாக வந்து சேர்வது இப்படித்தான். கிருமி புகுந்த புட்டியைக் கொதிக்க வைத்தோ மீண்டும் ஆட்டோகிளேவ் செய்தோ மீட்க முடியாது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் செத்தபின்னும் அவற்றின் சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு அந்த வெப்பத்தைத் தாங்கி நின்று காய்ச்சலையும் அதிர்ச்சியையும் உண்டாக்கும்.

ஆறாம் படி: கண் சொட்டு மருந்து

கருவிழிக்கு இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே அங்கே உடலின் எதிர்ப்பு மெதுவாகவே வந்து சேரும். சூடோமோனாஸ் எருஜினோசா கருவிழிக்குள் இறங்கினால் ஓரிரு நாளிலேயே பார்வையைப் பறித்துவிடக் கூடும். கருவிழிப் புண்ணைக் காட்டும் ஃபுளோரசின் சாயக் கரைசலில் இந்தக் கிருமி எளிதாக வளர்ந்ததால்தான் அந்தச் சாயம் இன்று கிருமியற்ற காகிதத் துண்டாகவும் ஒருவேளைச் சொட்டாகவும் வருகிறது.

நமக்கு மிக அருகில் தொடங்கிய துயரம் ஒன்று உண்டு. சென்னைக்கு அருகே செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஓர் ஆலையில் தயாராகி, அமெரிக்காவில் எஸ்ரிகேர் முதலிய பெயர்களில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் சொட்டு 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அதுவரை அமெரிக்காவில் காணப்படாத, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத ஒரு சூடோமோனாஸ் வகையின் தொற்றுடன் அந்தச் சொட்டு தொடர்புபடுத்தப்பட்டது. 2023 மே மாதக் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேர் பார்வையிழந்தனர், 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது, 4 பேர் இறந்தனர். பலமுறை பயன்படுத்தும் புட்டியில் போதிய கிருமித்தடுப்புப் பொருள் இல்லாதது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று. பண்டபெர்க் நடந்து 95 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பாடம் திரும்பி வந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு நோயாளிக்கு ஒரு புட்டி. அறுவை செய்த கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் தனித்தனிப் புட்டி கொடுக்க மருத்துவர் சொன்னால் அதை மாற்றாதீர்கள். புட்டியின் நுனி இமையையும் இமைமுடியையும் விரலையும் தொடக் கூடாது. கீழிமையை மெல்ல இழுத்து, சற்று உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட்டால் போதும். திறந்த ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும் என்பதை நோயாளியிடம் வாயால் சொல்லுங்கள், புட்டியின் மேலும் தேதியை எழுதிக் கொடுங்கள். வீட்டில் பாட்டிக்கு வாங்கிய சொட்டைப் பேரனுக்கும் விடுவது நம் ஊரில் வழக்கம். அது கூடாது என்பதையும் அந்த ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: யாரும் ஐயப்படாத திரவங்கள்

கிருமியைக் கொல்லும் திரவத்தில் கிருமி வளராது என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். நீர்த்த செட்ரிமைடு, குளோர்ஹெக்சிடின், பென்சல்கோனியம் கரைசல்களில் சூடோமோனாஸும் பர்கோல்டேரியாவும் உயிர்வாழ்ந்து நோயாளிகளைத் தாக்கியது பலமுறை பதிவாகியிருக்கிறது. அளவு பார்த்துக் கரைத்த கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். குறைந்துபோன புட்டியில் மேலும் ஊற்றி நிரப்பாதீர்கள், காலியான புட்டியைக் கழுவி வெப்பத்தால் கிருமிநீக்கி உலர்த்திய பிறகே மீண்டும் நிரப்புங்கள். இடுக்கி ஊறப்போடும் ஜாடிக்கும் இதே விதிதான். ஸ்கேன் ஜெல்லைப் பெரிய கேனிலிருந்து சிறு புட்டிக்கு மாற்றி மாற்றி நிரப்புவதும் இதே ஆபத்தைக் கொண்டது.

சர்க்கரைப் பாகு கெடாததற்குக் காரணம் அதன் அடர்த்தி. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை உள்ள பாகில் கிருமிக்குக் குடிக்க நீர் இல்லை. ஆனால் வெப்பநிலை ஏறி இறங்கும்போது மூடியின் உட்புறம் வியர்த்து நீர் சொட்டினால், பாகின் மேற்பரப்பு மட்டும் நீர்த்துப் பூஞ்சை பிடிக்கும். குழந்தைகளுக்கான தூள் ஆன்டிபயாட்டிக்கைக் காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைக்கச் சொல்லுங்கள். கரைத்த பின் லேபிளில் உள்ள நாட்கணக்கு, பெரும்பாலும் 7 நாட்கள், தாண்டக் கூடாது.

எட்டாம் படி: ஐயம் எழும் முதல் அரைமணி நேரம்

டிரிப் தொடங்கிய சிறிது நேரத்தில், அதுவரை காய்ச்சல் இல்லாத நோயாளிக்குத் திடீரென்று குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், இரத்த அழுத்தக் குறைவு வந்தால் திரவத்தைச் சந்தேகியுங்கள். உடனே கிளாம்பை மூடி, மருத்துவரை அழைத்து, கேனுலாவிலிருந்து ஐ.வி. செட்டைப் புட்டியோடு சேர்த்து முழுமையாகக் கழற்றுங்கள். இங்கேதான் நல்லெண்ணத்தோடு ஒரு பெருந்தவறு நடக்கிறது: பதற்றத்தில் யாரோ அந்தப் புட்டியைக் கழுவி எறிந்துவிடுகிறார்கள். அந்தப் புட்டிதான் ஒரே சாட்சி. செட்டின் முனையை கிருமியற்ற மூடியால் மூடி, சுத்தமான பையில் இட்டு, நோயாளியின் எண், தொங்கவிட்ட நேரம், நிறுத்திய நேரம், சேர்த்த மருந்துகள், தொகுப்பு எண் எல்லாவற்றையும் எழுதிக் குளிரில் வைத்து நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், டிரிப் ஏறாத மறு கையிலிருந்து இரத்த கல்ச்சர் எடுக்க வேண்டும். புட்டியிலும் இரத்தத்திலும் ஒரே கிருமி வளர்ந்தால் ஐயம் உறுதியாகும். அதற்காகக் காத்திராமல், அதே தொகுப்பு எண் கொண்ட புட்டிகள் வேறு எந்தெந்தக் கட்டிலில் தொங்குகின்றன என்று உடனே சுற்றி வந்து பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். மருந்தகத்தில் மீதமுள்ளவற்றை விநியோகிக்காமல் தனியே பூட்டி வைக்கச் சொல்லுங்கள். வழக்கத்துக்கு மாறான ஒரு கிருமி, எடுத்துக்காட்டாகப் பர்கோல்டேரியா செபேசியா, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று நோயாளிகளின் இரத்தத்தில் தெரிந்தாலும் இவ்வாறே செயல்பட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தயாரான, பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு ஊசியால் 2012இல் தொடங்கி 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றார்கள், 64 பேர் இறந்தார்கள். டென்னசியில் ஒரு மருத்துவர், தன் நோயாளியின் மூளையுறை அழற்சிக்கு, அந்நோயை அரிதாகவே உண்டாக்கும் ஒரு பூஞ்சை காரணமாக இருப்பதை அறிந்து சுகாதாரத் துறைக்குத் தெரிவித்ததால்தான் அந்தச் சங்கிலி அவிழத் தொடங்கியது.

தெரிவிக்கும் வழி நமக்கும் இருக்கிறது. மருத்துவமனையின் தொற்றுக்கட்டுப்பாட்டுச் செவிலியரிடமும் தலைமை மருந்தாளுநரிடமும் அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். மருந்தின் தரத்தில் ஐயமிருந்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளர் வந்து சட்டப்படி மாதிரி எடுப்பார். அதற்காகத் திறக்காத சில புட்டிகளையாவது பத்திரமாக வைத்திருங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-3024; செவிலியரும் மருந்தாளுநரும் நோயாளியும்கூட அதில் புகார் பதியலாம். பதியும்போது மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுப்பு எண், காலாவதித் தேதி, செலுத்திய நேரம், அறிகுறி தொடங்கிய நேரம் ஆகிய ஆறும் உங்கள் கையில் இருக்கட்டும்.